இரணியன் வாங்கிய வண்டி

அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்று ஓர் ஊர். கோடையில் காக்காய்கூட உட்கார யோசிக்கும். குளிர்காலம் பிறந்துவிட்டாலோ, வடக்கே பனி கொட்டும் மாநிலங்களிலிருந்து மோட்டார் ஹோம்கள் வந்து இறங்கி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை வெள்ளைப் பெட்டிகளாகக் கிடக்கும். போன குளிர்காலத்தில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் திரும்பும் வழியில், காபி குடிக்க அந்த ஊர் டீசல் பம்ப் ஒன்றில் நிறுத்தினேன்.

சித்தப்பா திருநெல்வேலிப் பக்கம் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிராண்ட் கேன்யனைப் பார்த்து, "பள்ளம் பெருசுதான்" என்று ஒரு வரியில் முடித்தவர். அப்படிப்பட்டவரை அங்கே ஒரு வண்டி நிற்க வைத்துவிட்டது. நாற்பத்தைந்து அடி நீளம். பின்பக்கம் எஞ்சின். முன்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்த ஒரே கண்ணாடி. வண்டிக்குப் பின்னால், நாலு சக்கரமும் தரையில் உருள, ஒரு ஜீப்பைக் கம்பியால் கோத்திருந்தார்கள். ஓட்டிவந்த பெரியவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவி ஒரு குட்டி நாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். பம்பில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நாங்கள் காபி வாங்கிக்கொண்டு வந்தபோதும் ஓடின. குடித்து முடித்தபோதும் ஓடின. 108 காலனில் நின்றது. நம் கணக்குக்கு 400 லிட்டருக்கு மேல்.

"ஏலே, இது லிட்டருக்கு என்ன குடுக்குன்னு கேளு" என்றார் சித்தப்பா.

கேட்டேன். பெரியவர் நல்ல மனிதர். வாய்விட்டுச் சிரித்தார். "இதை வாங்குகிறவன் அதைக் கேட்க மாட்டான் தம்பி" என்றார். பிறகு மனசு வந்து, "காலனுக்கு எட்டு மைல். காற்று முதுகுப் பக்கமாக அடித்தால் எட்டரை" என்றார்.

கிலோமீட்டராக்கிச் சொன்னேன். லிட்டருக்கு 3.4.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய டிப்போவில் ஒவ்வொரு டிரைவரின் 'கே.எம்.பி.எல்' கணக்கையும் எழுதி ஒட்டுவார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அங்கே ஜாதகம். ஒரு மழைக்காலத்தில், குண்டும் குழியுமான ரோட்டில், படியில் தொங்கும் கூட்டத்தோடு ஓட்டி, அவர் கணக்கு ஐந்துக்குக் கீழே சறுக்கிவிட்டது. 'விளக்கம் தருக' என்று மெமோ வந்தது. அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

"இதுக்கு மெமோ குடுக்கது யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அங்கே பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

*

இரணியன் வாங்கிய வரம் நமக்குத் தெரியும். மனிதனாலும் சாவு கூடாது, மிருகத்தாலும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. பிரம்மனே அசந்துபோகும் வக்கீல் மூளை அது. அந்த வக்கீலின் வாரிசுகள் வாஷிங்டனில் சௌக்கியமாக இருக்கிறார்கள். அவர்கள் வரம் வாங்கிக் கொடுத்த வண்டிதான் இது.

அமெரிக்காவில் புதுக் கார் வாங்கப் போனால் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஊருக்குள் இத்தனை மைல், நெடுஞ்சாலையில் இத்தனை மைல், வருஷத்துக்கு எரிபொருள் செலவு இவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வாங்கிய அடிக்குப் பிறகு, 1975-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த ஒழுங்கு அது. சின்னக் குடும்பம் வாங்கும் சின்னக் காருக்குக்கூட அந்தத் தாள் கட்டாயம். ஆனால் பொதுவாக 8,500 பவுண்டு, அதாவது நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அந்த எடையைத் தாண்டும் வண்டிக்குத் தாள் வேண்டாம். அந்தப் பெரியவரின் வண்டி இருபது டன்னுக்கு மேல். குறைவாகக் குடிப்பவன் கணக்கு எழுத வேண்டும். பீப்பாயோடு குடிப்பவனுக்குக் கணக்கே கிடையாது. கள்ளுக்கடையில்கூட இந்த நியாயம் செல்லாது.

சரி, காராக இல்லாவிட்டால் லாரிக் கணக்கில் பிடிக்கலாமே? 2007-இல் பெரிய வண்டிகளின் எரிபொருள் செலவுக்கு வரம்பு வைக்கச் சட்டம் வந்தது. அதில் 'வணிக' வண்டிகள் என்று ஒரு சொல் இருந்தது. 2011-இல் விதிகளை எழுதியபோது சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அந்தச் சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. மோட்டார் ஹோமில் யாரும் வணிகம் செய்வதில்லை, உல்லாசமாகத்தானே போகிறார்கள் என்று சொல்லி, தன் எரிபொருள் வரம்பிலிருந்து அதை விட்டுவிட்டது. வெங்காயம் ஏற்றிப் போனால் கேள்வி. சோபா ஏற்றிப் போனால் கேள்வி இல்லை. 2016-இல் அடுத்த கட்ட விதிகள் வந்தபோது, மோட்டார் ஹோம் சேசிஸுக்கென்று தனியாக ஒரு தளர்ந்த வரம்பைத் தைத்துக் கொடுத்தார்கள். தொப்பைக்குத் தக்க பெல்ட்.

கார் அல்ல, லாரி அல்ல. வரத்தின் முதல் இரண்டு வரிகள் ஆயிற்று.

அந்த லாரிக்காரனை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அதே நெடுஞ்சாலையில் முப்பத்தாறு டன் மொத்த எடையோடு போகிறவன். அவனுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். ஒரு நாளில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எடைமேடையில் ஏற வேண்டும். எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடி எவ்வளவு டீசல் எரித்தான் என்று வரிக்கணக்கு காட்ட வேண்டும். அவன் வண்டி காலனுக்கு ஆறு, ஏழு மைல் கொடுக்கிறது, அதில் இருபது டன் சரக்கும் ஊர் போய்ச் சேருகிறது. பக்கத்துத் தடத்தில் அதே ரக எஞ்சினோடு போகும் மோட்டார் ஹோமில், பெரிய மாடல்களில் 15 லிட்டர், 605 குதிரைச் சக்தி, எட்டு மைல் கிடைக்கிறது. அதில் ஏறியிருக்கும் சரக்கு இரண்டு பேர், ஒரு நாய். ஓட்டுவதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் கார் லைசென்ஸ் போதும். நேற்றுவரை கார் ஓட்டிய எழுபத்தைந்து வயதுக்காரர் இன்று இருபது டன்னை மலைச்சரிவில் இறக்கலாம். எடைமேடை இல்லை, நேரக் கணக்கு இல்லை, மாநிலவாரி டீசல் வரிக் கணக்கும் இல்லை. உழைக்கிறவனுக்கு ஆயிரம் கட்டு. உலாப் போகிறவனுக்கு ஒரே ஒரு சல்யூட்.

*

மைலேஜ் ஏன் கிடைக்கவில்லை என்று அந்த வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் டயர் காற்று, எண்ணெயில் கலக்கும் மருந்து, ஏர் ஃபில்டர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டி "எனக்குப் பத்து வந்தது" என்பார். எங்கே என்று கேட்டால், ஏதோ ஒரு மலையிலிருந்து இறங்கும்போது என்று தெரியவரும். மலையிலிருந்து உருண்டால் அம்மிக்கல்லும்தான் மைலேஜ் கொடுக்கும்.

விஷயம் அதைவிட எளிது. எட்டரை அடி அகலம், பன்னிரண்டு அடிக்கு மேல் உயரம் உள்ள ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினின் பெரும் உழைப்பு காற்றைப் பிளக்கவே போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65 மைல் வேகத்தில் போகிறவர் 75-க்கு அழுத்தினால், ஒவ்வொரு மைலுக்கும் காற்றோடு போடும் சண்டை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இது பிளஸ் டூ பாடம். அரிசோனாவில் ஊருக்கு வெளியே அந்தச் சாலையின் வேக வரம்பு 75. பெரியவர் அதில்தான் வந்திருந்தார். "பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். ஏறினோம். கூரையில் மூன்று ஏ.சி. தரையில் டைல்ஸ், அதற்குக் கீழே பாதம் குளிராமலிருக்கச் சூடு. துணி துவைக்க ஒரு மெஷின், பாத்திரம் கழுவ ஒரு மெஷின். ஆளுயர ஃபிரிஜ். வண்டிக்கு வெளியே ஒரு டி.வி., உள்ளே மூன்று. நடு ஹாலில் கரண்டில் எரியும் கணப்பு அடுப்பு, அதில் பொய் விறகு, பொய் ஜ்வாலை. கணப்புக்கு நேர் மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனைக்கும் கரண்ட் தர முன்புறம் தனியாக ஒரு டீசல் ஜெனரேட்டர். வண்டி நின்றாலும் டீசல் நிற்காது. இயற்கையோடு ஒன்றி வாழத்தான் பாலைவனத்துக்கு வந்திருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். நாய் டைல்ஸில் படுத்திருந்தது. பாதம் குளிராது.

பின்னால் கட்டியிருக்கும் காருக்கு அவர்கள் பாஷையில் 'டோட்' என்று பெயர். இழுத்துவரப்படுவது என்ற சொல்லின் உச்சரிப்பை வைத்துக் கேலியாக வந்த பெயர். டோட் என்றால் தேரை. வீட்டையே ஓட்டி வந்தவர் பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமே, அதற்குத்தான் தேரை. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் என்பது நம் ஊர் நம்பிக்கை. இந்தத் தேரைக்கு நாடாளுமன்றமே படியளக்கிறது. தேரை பின்னால் வந்தால் மைலேஜ் குறையாதா என்று கேட்டேன். "வித்தியாசமே தெரியாது" என்றார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. இருபது டன் யானை இரண்டு டன் தேரையை இழுத்தால், அரை மைல், மிஞ்சினால் ஒரு மைல்தான் குறையும். எட்டில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்று ஒருவரால் சொல்ல முடிந்தால், மீதி ஏழு பங்கும் எப்படிப் போகிறது என்பது விளங்கும்.

வெளியே வந்ததும் சித்தப்பா மனக்கணக்குப் போட்டார். ஐம்பத்தைந்து பேர் உட்காரும் பஸ், லிட்டருக்கு ஐந்து. ஒரு லிட்டரில் 275 ஆள்-கிலோமீட்டர், நிற்கிறவர்களைச் சேர்க்காமல். இங்கே இரண்டு பேர், மூணே காலே அரைக்கால் என்று இழுக்காமல் 3.4 என்று வைத்தால், ஆறே முக்கால். "நாய்க்கு அரை டிக்கெட் போட்டா எட்டரை வருது" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

நான் இன்னொரு கணக்குப் போட்டேன். மினசோட்டாவிலிருந்து இங்கே வர சுமார் 1,800 மைல். எட்டு மைல் கணக்கில் 225 காலன். ஒரு காலன் டீசல் எரிந்தால் பத்து கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. ஆக, ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் 2.3 டன். ஒரு சராசரி இந்தியர் வருஷம் முழுக்க, பஸ், விளக்கு, மின்விசிறி, சிமெண்ட், ஆலை எல்லாம் பங்கு போட்டபின் அவர் தலையில் விழுவது சுமார் 2 டன். பருவநிலை மாநாடுகளில் நம்மைப் பார்த்து விரலை நீட்டுகிறார்களே, அந்த விரல் எந்த ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தது என்று இனிமேல் கேளுங்கள்.

*

வரத்தின் அடுத்த வரிக்கு வருவோம். வண்டி அல்ல என்றால் அது என்ன? வீடு!

அமெரிக்க வருமான வரித் துறையின் அகராதியில், படுக்க இடம், சமைக்க இடம், கழிப்பறை மூன்றும் இருந்தால் அது வீடு. சக்கரம் இருந்தாலும் வீடுதான். எனவே மோட்டார் ஹோம் வாங்கக் கடன் எடுத்தால், இரண்டாவது வீட்டுக்கான வட்டி என்று வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இப்போதைய உச்சவரம்பு, வீட்டுக் கடன்கள் எல்லாம் சேர்த்து 7,50,000 டாலர். இந்தச் சலுகையைப் பயன்படுத்த, செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கணக்குக் காட்டுகிறவராக இருக்க வேண்டும். 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு அப்படிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள்தான். வாடகை வீட்டில் இருக்கும் நர்ஸம்மா தன் ஒரே வீட்டு வாடகையில் ஒரு சென்ட்டைக்கூட மத்திய வரியில் கழிக்க முடியாது. இரண்டாவது வீட்டுக்குச் சக்கரம் பூட்டி டீசல் ஊற்றுகிறவருக்கு அந்த நர்ஸம்மாவின் வரிப்பணத்திலிருந்தும் மொய் போகிறது.

விற்பனை வரி? அதற்கு மொன்டானா இருக்கிறது. அந்த மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை. அங்கே பேருக்கு ஒரு கம்பெனி பதிவு செய்து, வண்டியை அந்தக் கம்பெனி பெயரில் வாங்கிவிட்டால், பத்து லட்சம் டாலர் வண்டிக்குக் கலிபோர்னியாவில் கட்ட வேண்டிய குறைந்தபட்சம் 72,500 டாலரிலிருந்து தப்பப் பார்க்கலாம். வரித்துறை மோப்பம் பிடித்து விரட்டுவதும் உண்டு. ஆனாலும் மொன்டானா மண்ணை ஒருநாளும் மிதிக்காத மொன்டானா நம்பர் பிளேட்டுகளை நெடுஞ்சாலையில் நீங்கள் பார்க்கலாம். உல்லாச வண்டி என்று எரிபொருள் சட்டத்தில் தப்பியது, வீடு என்று வருமான வரியில் தப்பியது, கம்பெனி என்று விற்பனை வரியில் தப்புகிறது. நினைவிருக்கட்டும், வணிகம் செய்யாத வண்டி இது.

அது ஓடும் சாலைக்காவது காசு கட்டுகிறதா? டீசலுக்கு மத்திய அரசின் வரி காலனுக்கு 24.4 சென்ட். 1993-இல் வைத்தது. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. வரி மட்டும் அப்படியே தொட்டிலில் தூங்குகிறது. கை வைத்தால் ஓட்டுப் போகும் என்று இரண்டு கட்சிக்காரர்களும் தாலாட்டுப் பாடுகிறார்கள். அதனால் சாலைக்கான நிதி வற்றிப்போய், 2008 முதல் பொதுக் கஜானாவிலிருந்து அள்ளி ஊற்றுகிறார்கள். காரே இல்லாமல் பஸ்ஸில் போகிறவரும் இந்த இருபது டன் தேருக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறார்.

இவ்வளவுக்கும் மேல் 2025 ஜூலையில் இன்னொரு கூத்து. மைலேஜ் வரம்பை மீறும் கார் கம்பெனிகளுக்கு இருந்த அபராதத்தைப் பூஜ்யம் என்று ஆக்கிச் சட்டம் போட்டார்கள். தாள் ஒட்டும் வண்டிக்கே இப்போது தண்டனை இல்லை. திருடனைப் பிடிக்க முடியாத ஊரில் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டால் திருட்டே நடக்காது பாருங்கள்.

*

எனக்கு அந்தப் பெரியவர் மேல் கோபமில்லை. நாற்பது வருஷம் உழைத்து, கடைசி காலத்தில் வெயில் காய வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் வைக்கப்பட்டதை வாங்கினார். கேள்வி கேட்காத சட்டம்தான் இப்படிப்பட்ட வண்டியைப் பெற்றுப்போடுகிறது.

சந்தேகமிருந்தால் ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கேயும் கிழவர்கள் உண்டு, குளிர் உண்டு, ஊர் சுற்றும் ஆசை உண்டு. ஆனால் சாதாரண கார் லைசென்ஸுக்கு நெடுங்காலமாக 3.5 டன் என்று ஒரு வரம்பு இருந்தது. அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கவே ஃபியட் டுக்காட்டோ மாதிரியான வேன்களின் மேல் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் அடக்கி ஒடுக்கிச் செய்தார்கள். அமெரிக்காவிலேயே டீசல் ஸ்பிரின்டர் வேனில் செய்த சின்ன வண்டி காலனுக்குப் பதினைந்து மைலுக்கு மேல் கொடுக்கிறது. தேரையும் வேண்டாம், அதிலேயே போய்ப் பால் வாங்கலாம். சட்டம் கேட்டால் எஞ்சினியர் பதில் சொல்வான். கேட்காவிட்டால் கணப்பு அடுப்பு வைப்பான்.

"நாங்கள் வருஷத்துக்கு ஐயாயிரம் மைல்தானே ஓட்டுகிறோம், இதில் என்ன டீசல் மிச்சம் பிடிப்பது?" என்பார்கள். சித்தப்பாவின் பஸ்ஸும் ஒரு டிரிப்புக்குக் கொஞ்சம்தான் ஓடியது. மெமோவில் அதை எழுதிக் கொடுத்திருந்தால் டிப்போ மேனேஜர் என்ன சொல்லியிருப்பார் என்று அவரையே கேட்டுச் சொல்லலாம். "ஹோட்டல் செலவு மிச்சம்" என்பார்கள். வீட்டு விலை கொடுத்து வண்டி வாங்கி, இருபது வருஷக் கடனில் வட்டி கட்டி, லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்தை என்னவென்று மெச்சுவது!

இந்தக் கூத்தின் கணக்கைக் கடைசியில் கட்டுகிறவர் வேறு யாரோ. நாட்டின் மோட்டார் ஹோம்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் உருவாகிறது. 2008 கோடையில் டீசல் காலனுக்கு 4.70 டாலரைத் தாண்டியது. அதோடு வங்கிகளும் படுத்தன. 2009 மார்ச்சில் ஃப்ளீட்வுட், மொனாக்கோ என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் திவால் மனு கொடுத்தன. அதற்கு ஒரு மாதம் முன்பு புது அதிபர் ஒபாமா எல்கார்டுக்கே வந்து பேசினார். அங்கே அப்போது வேலையில்லாதவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல். டீசல் விலை ஏறினால் வண்டிக்காரருக்கு ஒரு பயணம் தள்ளிப்போகும். எல்கார்ட் தொழிலாளிக்குச் சோறு தள்ளிப்போகும். அந்த அடியில் பாடம் படித்தார்களா? 2021-இல் இழுவை வண்டிகளையும் சேர்த்து ஆறு லட்சம் செய்து சாதனை என்று மேளம் கொட்டினார்கள். அந்த மேளச் சத்தத்தில் மைலேஜ் என்ற சொல் யார் காதிலும் விழவில்லை.

*

இரணியன் வரம் எல்லாருக்கும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பெட்டியில் ஏழை ஏறினால் வரம் சாபமாகிவிடும்.

1979-இல் சான் டியகோ நகரின் ஒரு கார் நிறுத்தத்தில் நின்ற மோட்டார் ஹோமுக்குள் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் நுழைந்து சோதனை போட்டார்கள். வீடென்றால் நீதிபதியின் உத்தரவு வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1985-இல் தீர்ப்பு: சக்கரம் இருக்கிறது, கிளம்பத் தயாராக இருக்கிறது, எனவே இது வண்டி, வாரண்ட் வேண்டாம். மூன்று நீதிபதிகள் மறுத்து, இது ஒருவர் குடியிருக்கும் இடம் என்றார்கள். எடுபடவில்லை. ஆக, வரிச்சலுகை கேட்டுப் போனால் வீடு. போலீஸ் தட்டினால் வண்டி.

கலிபோர்னியா நகரங்களின் தெருவோரங்களில் முப்பது, நாற்பது வருஷப் பழைய மோட்டார் ஹோம்கள் நிற்பதைப் பார்க்கலாம். வாடகை கட்ட முடியாமல் அதில் குடியிருப்பவர்கள் பலர் வேலைக்குப் போகிறவர்கள். அவை எங்கும் ஓடுவதில்லை. டீசல் குடிப்பதில்லை. காலனுக்கு எத்தனை மைல் என்று பார்த்தால் உலகத்திலேயே சிக்கனமான மோட்டார் ஹோம்கள் அவைதான். சட்டம் அவற்றைத்தான் தேடிப் பிடித்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் தூங்குகிறவர்களை நகரங்கள் தண்டிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆரெகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரின் வழக்கு அது. 2025 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ, 22 அடிக்கு மேல் நீண்ட வண்டி எந்தத் தெருவிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி போட்டது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். வசதிக்காரர் பெட்டி வண்டியில் வாழ்ந்தால் அதற்குப் பேர் சுதந்திரம், சாகசம், ஓய்வுக்காலக் கனவு. இல்லாதவர் வாழ்ந்தால் சுகாதாரக் கேடு. அவர் வண்டி வீடாகவும் இல்லை, எனவே காவல் இல்லை. வண்டியாகவும் இல்லை, எனவே நிற்க இடமில்லை. தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வந்தே விட்டது. ஆனால் இரணியனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிரகலாதன் குடலை உருவிக்கொண்டு போகிறது.

*

அன்று இருட்டும் நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கிடங்குகள் இருக்கும் பக்கம், பழைய மோட்டார் ஹோம் ஒன்று வெகு நாளாக நிற்கும். கூரையில் நீலத் தார்ப்பாய். டயரில் காற்றில்லை. ஜன்னலுக்குள் ஒரு பெண் காலையில் ஆஸ்பத்திரிச் சீருடை மாட்டிக்கொள்வதை வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். அன்று அதன் முன்கண்ணாடியில் பளிச்சென்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

சித்தப்பா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தார். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் படிப்பார். எண்களைப் படித்துவிட்டார்.

"எழுபத்திரண்டு மணி நேரம்னு போட்ருக்கு. என்னலே இது?"

ஒரே இடத்தில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொன்னேன்.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே விளக்கு எரிந்தது. யாரோ குக்கர் மூடியைத் திறந்த வாசனை வந்தது.

"ஆக, மெமோ குடுக்க ஆளு இருக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டுக் காரில் வந்து ஏறிக்கொண்டார்.